கழிவு என்று பெயரிட்ட மூச்சு

நேற்று மதியம் மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றி அடங்கியதும், அறைக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை, நான்தான். எழுபத்தொரு வயதுக்காரன் தன் மூச்சுக்கே பயந்தான் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு மடிக்கணினியைத் திறந்தேன்.

மீஞ்சூரில், மருந்துக்கடை மாடியில், ஒலிப்பதிவு அறை வைத்திருந்தேன். பங்குனி வெயிலில் சுவரில் ஒட்டிய ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து ஒரு வாடை வரும். இப்போதும் புதுச் செருப்பு வாங்கினால் அந்த அறை நினைவுக்கு வந்துவிடும். அதற்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டாலையில் தரம் பார்க்கும் வேலை. அங்கே கழித்துப்போட்ட துண்டையும் எடைபோட்டு வைப்போம். அந்தப் பழக்கம் என்னோடு மாடியேறியது. ஒரு பதிவிலிருந்து நீக்கிய இரைச்சலைத் தனியாகச் சேமித்து, ‘கழிவு’ என்று பெயரிட்டு வைப்பேன்.

பதிவு மென்பொருளோடு பிளகின் எனப்படும் சில துணைக் கருவிகள் சும்மாவே வரும். குரலைச் சீராக்க ஒன்று, எதிரொலி சேர்க்க ஒன்று, இரைச்சல் நீக்க ஒன்று. என் வேலைக்கெல்லாம் அவையே போதும், அவற்றைத்தான் பயன்படுத்தினேன். வருகிறவர்களிடம் மட்டும் ஜெர்மனியிலிருந்து வரவழைத்தது என்பேன். சும்மா வந்தவை என்பதால் அவற்றின் குறிப்புப் பக்கத்தை ஒருநாளும் திறந்து படித்ததில்லை.

தேசம்மா ஒரு காலை வந்தாள். பழவேற்காட்டுப் பெண். ஏரியில் மீன் குறைந்து, புருஷன் ஆலை வேலைக்கு வந்ததால் வள்ளூர்ப் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தவள். சுவரைப் பார்த்தாள்.

“இன்னாண்ணே, முட்ட அட்ட மாதிரி ஒட்டினுகீறீங்க? கோழி வளக்கிறீங்களா?”

புருஷன் நெஞ்சுச் சளியில் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் வலை இழுக்கும் பாட்டு ஒன்றைப் பாடியது அவள் போனிலிருந்த சின்ன கார்டில் இருந்தது. அவர் குரலென்று மிஞ்சியது அது ஒன்றுதான். திதியன்று போட வேண்டும். “ஃபேன் சத்தத்த மட்டும் எடுத்துக் குடுங்கண்ணே” என்றாள்.

இரைச்சல் நீக்கும் பிளகினுக்கு முதலில் வெறும் இரைச்சலைக் கொஞ்சம் காட்ட வேண்டும். அதைக் கற்றுக்கொண்டு, அதுபோன்ற சத்தத்தைப் பதிவு முழுவதிலும் தேடி அழிக்கும். திரையில், பாட்டுக்கு முன்னால் நாலு விநாடி அலைக்கோடு தட்டையாகத் தெரிந்தது. காதில் கேட்காமல், கண்ணால் பார்த்தே அதைக் காட்டினேன். படி எடுத்து வைக்காமல், அவள் கார்டிலேயே அதே பெயரில் சேமித்தேன். அசல் போயிற்று.

ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டாள். கழற்றிவிட்டு, தனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தாள்.

“பாட்டு கீதுண்ணே. அவரு இல்லியே.”

“அவர் குரல்தானேம்மா?”

“கொரலு அவுருதுதான். பாடுற எடத்துல ஆளக் காணம். அந்த இழுப்பு எங்க? அதக் கேட்டுக்கினுதான் எனக்குத் தூக்கமே வரும்.”

“அதெல்லாம் இரைச்சல்மா. ஜெர்மன் சாமான், சுத்தமா எடுத்துடுச்சு.”

“அவுரு மூச்சு உங்களுக்கு இரைச்சலா?” என்று மெதுவாகக் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

அவள் போன பிறகுதான், வழக்கம்போல் தனியே சேமித்திருந்த ‘கழிவை’ப் போட்டுக் கேட்டேன். மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டையென்று நினைத்த நாலு விநாடியில், பாடுவதற்காக நெஞ்சைத் திரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பிளகின் அந்த மூச்சையே இரைச்சலென்று கற்றுக்கொண்டுவிட்டது. அதன்மேல் குற்றமில்லை, காட்டியவன் நான். அவளிடமிருந்த பாட்டையும் என்னிடமிருந்த கழிவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அசல் அப்படியே திரும்பிவிடும். பத்து நிமிஷ வேலை. அவள் ரயில் நிலையத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை. தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று திதி போயிற்று, மழையும் போயிற்று. வள்ளூருக்கு நான் போனபோது லைன் வீடுகளை இடித்து, லாரி நிறுத்த இடம் சமன் செய்திருந்தார்கள். அங்கே குடியிருந்தவர்களைப் பற்றிக் கேட்டதற்கு, “எந்த லைனு?” என்றார் காவலாளி.

மாடி அறையும் இப்போது இல்லை. அந்தக் கோப்பு மட்டும் ஒவ்வொரு கணினியாக என்னோடு வருகிறது. நேற்று மதியமும் போட்டுக் கேட்டேன். பாடத் தொடங்குமுன் அவர் ஆழமாக மூச்சை இழுக்கிறார். பாட்டு வரவில்லை, அது அவள் கார்டில் இருக்கிறது. வெகுநேரம் கழித்து, அடுத்த மூச்சை இழுக்கிறார்.