பட்டாசுப் பெட்டி அம்மன்

மணிமுத்து முதன்முதலாகப் பார்த்தபோது பஞ்சம்மாள் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அவன்தான் போய்த் திறந்துவிட்டான்.

"பாட்டுக்குப் படம் ஒட்டுற எடம் இதுதானா சார்?"

குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது.

திருத்தங்கலில் ஒரு அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்று பாட்டுக் கம்பெனிகளுக்கு வரும் கணக்கைச் சரிபார்ப்பதும், ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அதனதன் அட்டைப்படத்தைப் பொருத்துவதும் அங்கே வேலை. மணிமுத்து மல்லாங்கிணற்றுக்காரன். மானாவாரி வெள்ளாமையை நம்பிய குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையை பஸ்ஸில்கூடக் கழற்ற மாட்டான்.

பஞ்சம்மாளுக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மன் கோயில் பொங்கலில் அவள் பாடிய முளைப்பாரிப் பாட்டை ஒரு கேசட் கம்பெனிக்காரர் பதிவு செய்து போட்டார். பிறகு பட்டாசு ஆலையில் மருந்துத் தூசியோடு கிடந்து தொண்டை போய்விட்டது. இப்போது அதே பாட்டு, ஆலைக்குப் போகிற வேனில், டிரைவர் சரவணக்குமாரின் போனிலிருந்து வருகிறது. போன் திரையில் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். பாடியவர் பேர், 'குழுவினர்'.

இது நான் பாடினது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வேனே சிரித்தது. அன்றிலிருந்து, "பாடகி, செத்தத் தள்ளி உக்காருங்க" என்றுதான் கூட வேலை பார்க்கும் ராக்காயி வேனில் இடம் கேட்கிறாளாம். மகள் மாரிச்செல்வியும் நம்பவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு இந்தத் தகரக் குரல்தான்.

"பாடிக் காட்டச் சொல்றாக தம்பி. நான் எங்கன பாட?"

மஞ்சப்பைக்குள்ளிருந்து கேசட்டின் அட்டையை எடுத்து நீட்டினாள். அம்மன் படம். அதற்குக் கீழே பொடி எழுத்தில், பாடியவர்: ஏழாயிரம்பண்ணை பஞ்சம்மாள்.

"இது ஒண்ணு போதும்க்கா. படம் ஏறிட்டா பேரும் சேந்து ஏறிரும். நான் பாத்துக்கிறேன்" என்றான் மணிமுத்து. படித்த படிப்புக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று இருந்தது அவனுக்கு. அட்டையை ஸ்கேன் செய்து, விவரமாக எழுதி, அந்தப் பழைய கேசட் பாட்டுகளை வாங்கி வைத்திருந்த சென்னைப் பாட்டுக் கம்பெனிக்கு அன்றைக்கே அனுப்பினான்.

பதில் வந்தது. அது ஆல்பத்தின் படமே இல்லையாம். ஒரு பட்டாசுப் பெட்டியின் லேபிளாம். அடுத்தவர் வியாபாரச் சின்னத்தைப் போட முடியாது, அந்த அட்டையை ஆதாரமாகவும் எடுக்க முடியாது என்று எழுதி, பெட்டியின் படத்தையும் இணைத்திருந்தார்கள். மணிமுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதே அம்மன், அதே சூலம், கிரீடத்துக்கு மேல் அதே வேப்பிலை.

கீழே அச்சகம் வைத்திருந்த நாகூர் கனி அட்டையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"லேபிள் அடிக்கிற சீட்டுல ஒரு மூல சும்மா கெடக்கும்லா தம்பி. கேசட்டு ஆர்டர் வந்தா லேபிள் படத்தையே அதுல ஏத்தி அடிச்சிருவோம். தனியா படம் வரைய யாரு செலவழிக்கா? அம்மன் அம்மன்தான."

மணிமுத்து இதையும் எழுதி அனுப்பினான். அதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நாளில் சாம்பல் கட்டத்தில் கம்பெனியே ஒரு தாமரைப் படத்தைப் போட்டது. கீழே 'குழுவினர்' அப்படியே இருந்தது.

பஞ்சம்மாள் திரும்ப வந்தாள். மணிமுத்து கம்பெனி எழுதியதைச் சொல்லி, கணினியைத் திருப்பிப் பெட்டியின் படத்தைக் காட்டினான். அவள் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பெட்டியா? இதுலதான தம்பி நாங்க தெனமும் வெடி அடுக்குறோம்."

வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றான் மணிமுத்து.

"விடுங்க. நீங்களும் எம்புட்டுத்தான் எழுதுவீக" என்று அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். போகும்போது கதவை அவளே இழுத்துத் திறந்தாள்.

மாசாமாசம் வரும் கணக்கில் அந்தப் பாட்டு ஓடிய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அதைத் தாமரைப் படத்தோடு பொருத்தி, சரி என்று குறிப்பதும் மணிமுத்துதான்.

பஞ்சம்மாள் இப்போதும் ஏழாயிரம்பண்ணையில் இருக்கிறாள். காலையில் வேன் ஏறி ஆலைக்குப் போய், அம்மன் படம் போட்ட பெட்டிகளில் சரவெடி அடுக்குகிறாள். வேனில் அந்தப் பாட்டு வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ராக்காயி இன்னும் பாடகி என்றுதான் கூப்பிடுகிறாள்.