பச்சையம்மாள் என்று யாரும் இல்லை

சேவூரில் சுபலட்சுமியிடம் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கினால், அதே டம்ளரில்தான் திருப்பித் தர வேண்டும். டம்ளர் மாறினால் அளவு மாறும் என்பாள். முதலாளி வீட்டிலிருந்து பட்டு நூல் வந்தால், அவர்கள் நிறுத்ததை நம்பாமல் தன் தராசில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகே தறிக்கு விடுவாள். எதிர்வீட்டு ஜெயத்தோடு பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம், காணாமல் போன பித்தளைச் சொம்பு. அந்தச் சொம்பு மூன்றாம் நாளே இவள் வீட்டுக் கிணற்றில் அகப்பட்டது. “பயந்துகினு கொண்டாந்து போட்டிருக்கா” என்று சொல்லிவிட்டாள்.

இப்படி ஊரையே சந்தேகப்பட்ட மனுஷிக்கு இரண்டு பெயர் இருந்ததுதான் வேடிக்கை. அப்பா அம்மா குலதெய்வத்தை நினைத்து அண்ணனுக்குப் பச்சையப்பன், இவளுக்குப் பச்சையம்மாள் என்று வைத்தார்கள். 1959-இல் மாணிக்கவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமியார் பெயரும் பச்சையம்மாளாக இருந்தது. மருமகளைப் பெயர் சொல்லி அதட்டினால் மாமியாரை அதட்டியதாகிவிடாதா? தாலி கட்டிய அன்றே பெரியவர்கள் இவளைச் சுபலட்சுமி ஆக்கினார்கள். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் எல்லாம் சுபலட்சுமிதான். பழைய பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அண்ணனுக்கு மட்டும் அவள் கடைசிவரை “பச்ச”. இவள் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பே அவர் துணிக்கடை வேலைக்குப் பினாங்கு போய், அங்கேயே குடும்பமாகி, மலேசியாக் குடிமகனும் ஆகிவிட்டார். தங்கையும் மச்சானும் தறி போட இடமில்லாமல் திண்டாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1970-இல் சேவூரில் அவர்கள் வாடகைக்கு இருந்த அதே தெருவில் ஒரு வீடு வாங்கி அவர்களைக் குடிவைத்தார். வீடு அண்ணன் பெயரில். மாணிக்கவேல் போன பிறகும் அவள் அங்கேதான் இருந்தாள். அந்தக் கூரையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

தொண்ணூற்றாறு தை மாதம் பச்சையப்பன் ஊருக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவியவர் மெல்ல ஆரம்பித்தார்.

“பச்ச, உன் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வேணும்.”

“எதுக்கு?”

“உயில் எழுதத்தான். அங்க இருக்கிற சொத்துக்கு அங்க ஒண்ணு எழுதிட்டேன். நான் இப்ப வெளிநாட்டுக்காரன். அந்த உயில வெச்சிகினு இந்த வீட்ட மாத்தணும்னா கோர்ட்டு கோர்ட்டா அலையணும். அதான் இங்கத்து வீட்டுக்கு இங்கயே தனியா ஒண்ணு.”

யாருக்கு எழுதுகிறார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எழுதி முடிக்குமுன் சொன்னால் நிலைக்காது என்று நினைக்கிற ரகம். ஜெராக்ஸ் கொடுத்தால் அதை வைத்து வீட்டைக் காலி செய்ததாக எழுதிக்கொள்வார்கள் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

“கார்டு கடைக்காரன்கிட்ட இருக்குது” என்று புளுகினாள். கார்டு அவள் மடியில்தான் இருந்தது.

“அப்ப பேரு இன்னான்னு போடறது?”

“கூடப் பொறந்தவ பேரு தெரியாதா உனக்கு? கூப்பிடற பேரையே போடு.”

மறுநாள் அண்ணன் ஆரணிக்குப் போனார். ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கத்தில் பத்திரம் எழுதும் தமிழ்வாணனிடம் உட்கார்ந்திருந்தார். வேவு பார்க்கவென்றே அவள் தூக்குச்சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் பின்னாலேயே போனாள். படியேறும்போது காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: “ரத்து.” முன் எழுதிய உயில்கள் எல்லாம் ரத்து என்று தமிழ்வாணன் பழக்கத்தில் எழுத, பினாங்கு உயிலும் அடிபட்டுப் போகும், அந்த வரி வேண்டாம் என்று அண்ணன் தடுத்துக்கொண்டிருந்தார். அது அவளுக்கு எங்கே தெரியும்? ரத்தானது தன் இருப்புத்தான் என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

அண்ணன் பினாங்கு திரும்பிய மூன்றாம் மாதம், தபால்காரர் தணிகாசலம் ஒரு ரிஜிஸ்டர் தபாலோடு வந்தார். பெறுநர்: பச்சையம்மாள்.

“மலேசியாவுல இருந்து வந்துக்குது. ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

வக்கீல் நோட்டீஸ்தான், கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பட்டது. “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க. அப்படியே எழுதி அனுப்பிடுங்க.”

தணிகாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் கடிதங்கள் அதுவரை மாணிக்கவேல் பெயருக்கே வரும்; தெருப் பட்டியலிலும் அந்த வீட்டுக்குச் சுபலட்சுமிதானே! எழுதி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனிடமிருந்து கடிதமே இல்லை. கள்ளம் இருக்கிறவன் எப்படி எழுதுவான் என்று அவள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

அண்ணன் 2003-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மகன் ஜெயக்குமார் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். துரத்தத்தான் வந்திருக்கிறான் என்று கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அத்தை, வீட்டை அப்பா பச்சையம்மாள்ங்கிறவங்களுக்கு எழுதியிருக்காரு. நீங்க சுபலட்சுமின்னு பக்கத்துல சொல்றாங்க. அப்பாவுக்கு ரெண்டு தங்கச்சியா?”

அவள் கதவை முழுக்கத் திறந்தாள்.

தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றக் கொடுத்தபோது அதிகாரியும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “உயில்ல மாணிக்கவேல் மனைவி பச்சையம்மாள். கார்டுல மாணிக்கவேல் மனைவி சுபலட்சுமி. அவருக்கு ரெண்டு சம்சாரமா?” ஜெயக்குமார் கொண்டு வந்த காகிதங்களைப் புரட்டியவர் ஒரு பழைய கவரை எடுத்தார். அதன் மேல் தணிகாசலம் கையெழுத்தில், அப்படி ஒருவர் இல்லை என்று இருந்தது. “தபால் ஆபீஸே இல்லன்னு எழுதிக்கீது. அப்புறம் நீங்க யாரு?”

கவர் ஒட்டியபடியே இருந்தது. பச்சையப்பனுக்கும் அதே ரத்தம், அதே ரோஷம். திரும்பி வந்ததை அவர் பிரிக்கவே இல்லை. ஆனால் உயிலை மாற்றவும் இல்லை. ஜெயக்குமார் கவரைக் கிழித்தான். உயிலின் நகல், கூட ஒரு சீட்டு. அவன் படித்துக் காட்டினான்.

“பச்ச, வீடு உனக்குத்தான். கார்டுல வேற பேரு இருந்தா எழுது. நான் இருக்கும்போதே திருத்திடலாம்.”

சுபலட்சுமி அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள். எட்டு வருஷமாகத் திட்டித் தீர்த்த அண்ணன். இனி யாரிடம் போய் என்ன சொல்ல?

அதிகாரி இறங்கி வந்தார். “உங்க கல்யாணத்துல பேரு மாத்தினத நேர்ல பார்த்தவங்க தெருவுல இருந்தா, ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு எழுதி வாங்கினு வாங்க.”

அப்படி உயிரோடு இருந்தது ஒரே ஒருத்தி. இவள் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்து, பெயர் மாற்றியதைப் பந்தலிலேயே பார்த்த ஜெயம்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு சுபலட்சுமி தெருவைத் தாண்டினாள். ஜெயம் உட்காரச் சொல்லவில்லை. தாளை வாங்கி ஒருமுறை படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“கையெழுத்துப் போட்டா நாளைக்கி என் தலைமேல எதுவும் வராதே?”

“வராது ஜெயம்.”

“உன்ன எப்படி நம்பறது? உன் பேரு இன்னான்னு நீயே சொல்லு.”

“பச்சையம்மா” என்றாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் வாயால் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லி அழைக்க இனி யாரும் இல்லை.

ஜெயம் பேனாவை மூடியோடு கையில் வைத்துக்கொண்டாள். “சரி. உன் ரேஷன் கார்ட குடு. ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கிறேன்.”

சுபலட்சுமி மடியை அவிழ்த்துக் கார்டை எடுத்துக் கொடுத்தாள்.