எல்லாத் திரையிலும் என் பெயர்

என் உச்சந்தலைக்குச் சற்றுக் கீழே முடியே இல்லாத வட்டம் ஒன்று இருப்பதை முதலில் பார்த்தவள் என் வகுப்புத் தோழி புவனா. கிணத்துக்கடவிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. போத்தனூர்க்காரியான அவள் சுந்தராபுரத்தில் ஏறி, என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“தேனு, இங்க என்னாச்சு உனக்கு?”

விரலை வைத்துக் காட்டினாள். அவள் விரல் நேராகத் தோலில் பட்டது. இடுப்புக்குக் கீழே சடை தொங்கும் தலை அது. அதில் எந்த விரலும் அப்படிப் பட்டதில்லை. சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இறங்கும்வரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன்.

அம்மா ஒரு வாரம் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துப் பார்த்தாள். எரிச்சலும் வாடையும்தான் மிச்சம். வட்டம் பெரிதானது, காதுக்குப் பின்னால் இன்னொன்று வந்தது. பிறகுதான் ஆர்.எஸ்.புரத்தில் இருந்த தோல் டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “அலோபீசியா ஏரியேட்டா” என்றார். (நம் ஊரில் புழுவெட்டு என்பார்கள். புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது, யாருக்கும் ஒட்டாது. நம்மைக் காக்க வேண்டிய இரத்த அணுக்களே முடியின் வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குவதால் வருவது.)

“மனசுக்கு ரொம்பக் கஷ்டமா ஏதாவது நடந்துச்சா? அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. சிலருக்கு அது தூண்டிவிடும்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. நல்லாத் திங்கறா, தூங்கறா, படிக்கறா” என்றாள் அம்மா.

டாக்டர் என் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலையைக் குனிந்தால் வட்டம் தெரியும் என்பதுகூட அப்போது நினைவில்லை.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் கல்லூரியில் புதிதாகக் கணினி ஆய்வகம் திறந்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். ஏசி போட்ட அறை. மூலையில் ஒரு பெரிய கணினி, அதோடு கம்பியில் இணைத்த வரிசையான திரைகள். வெளி உலகத்தோடு தொடர்பு கிடையாது. ஆனால் ஒரு கட்டளையைத் தட்டி ஒரு வரி எழுதினால், அறையில் உள்ள அத்தனை திரையிலும் அந்த வரி வந்து விழும். அனுப்பியவர் பெயரும் கூடவே வரும்.

ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்ட் அவரவர் ரோல் நம்பர்தான். மாற்றக்கூடாது என்பது துறைத்தலைவர் உத்தரவு. எல்லோருடைய புரோகிராமையும் அவர் திறந்து பார்க்க வேண்டுமாம். ரோல் நம்பர் எல்லோருக்கும் தெரியும். ஆக, யார் வேண்டுமானாலும் யாராகவும் உள்ளே நுழையலாம். இதில் இருக்கும் ஆபத்து, பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற மாதிரியானது என்று அந்தப் படித்த மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு மதியம் எல்லாத் திரையிலும் என் பெயரில் ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நானுங்க கிணத்துக்கடவு தேன்மொழிங்க. என்னையக் கட்டிக்க யாராச்சும் இருக்கறீங்களாங்க?”

ஏசி அறையில் சிரிப்பு எப்படிக் கேட்கும் தெரியுமா? ஜன்னல் எல்லாம் அடைத்திருப்பதால் வெளியே போகாமல் அங்கேயே சுற்றும்.

அடுத்தடுத்த ஆய்வக வகுப்புகளிலும் வந்தது. என் நடை, என் தாவணி, எந்தெந்தப் பையனோடு எனக்கு என்னென்ன ஆசை என்று வரி வரியாக. இங்கே எழுத முடியாதவையும் உண்டு. எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான். என்னை அசிங்கப்படுத்தியது பாதி, நான் பேசும் பேச்சை அசிங்கப்படுத்தியது மீதி. தலையில் வெங்காயம் தேய்த்த வாரம், “நாளைக்குச் சாம்பாருக்கு நானே வாரேனுங்க” என்று வந்தது. புழுவெட்டு பெரிதானபோது “சொட்டைத் தேன்மொழிங்க” என்று வந்தது.

யார் என்று தெரியாததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வதை. பென்சில் கொடுத்தவனா? கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்தவளா? ஒரு நாள் புவனாவையே சந்தேகப்பட்டேன். வகுப்பில் இருக்கும் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் அந்த ஆளாகத் தெரிந்தார்கள். பேச்சைக் குறைத்தேன். பேசினாலும் ‘ங்க’வை விழுங்கினேன். செவ்வாயும் வெள்ளியும் ஆய்வகம். திங்களும் வியாழனும் எனக்குச் சோறு இறங்காது. இதைத்தான் அம்மா ‘நல்லாத் திங்கறா’ என்று டாக்டரிடம் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை, சாப்பாட்டை நான் நாய்க்குப் போட்டது அவளுக்குத் தெரியாது.

டாக்டரிடம் போய் வந்த அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்குக் கணினி என்றால் என்னவென்று தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தென்னந்தோப்பு. ஆனால் மகளுக்கு ஏதோ அநியாயம் நடக்கிறது என்பது புரிந்தது. மறுநாளே கல்லூரிக்குக் கிளம்பினார்.

கிளம்பியவர் சாக்கு நிறைய இளநீரையும் தூக்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு போய் ஒருவரைப் பார்க்க மாட்டார்கள். போனதும் எடுத்தவுடன் வந்த காரியத்தைப் பேசுவதும் மரியாதை இல்லை. அப்பா துறைத்தலைவரின் சுகம் விசாரித்தார், ஊர் விசாரித்தார், மழை தண்ணி பற்றிப் பேசினார். அவர் இளநீர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் அவர், “உங்க பொண்ணு நல்லாப் படிக்குதுங்க. பசங்களோட கொஞ்சம் பாத்து நடந்துக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு எழுந்துவிட்டார். அப்பா “சரிங்க” என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

“சொன்னீங்களாப்பா?”

“எங்கீம்மா, அவரு பேச்சுல நொழையறதுக்கே எடங் குடுக்கலீயே” என்றார். புகார் கொடுக்கப் போன மனிதர், புகாரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அதற்குப் பிறகு மருத்துவம். தலைத் தோலுக்குள் ஸ்டீராய்டு ஊசி (அணுக்களின் தாக்குதலை அந்த இடத்தில் மட்டும் அடக்கும் மருந்து). சில வாரங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு வட்டத்திலும் பல குத்துகள். வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலிக்கும். தாங்கலாம். இந்த இரண்டும் உண்மை.

ஊசியையும் மீறி வட்டங்கள் ஒன்றோடொன்று கலக்க ஆரம்பித்தன. சடை எலிவால் ஆனது. வீட்டில் வேறு கணக்குப் போட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வரன் இருந்தது. விஷயம் வெளியே தெரியும் முன்னே படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று ஒறம்பரைகள் (உறவினர்கள்) அம்மாவைக் குடைந்தார்கள். இன்னும் ஒரு வருடப் படிப்பு இருந்தது. அந்த வருடத்தை விட்டால் எனக்கு வேறு வாழ்க்கை வராது என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். முடி போனது போகட்டும், படிப்பு போகக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் தலைக்குள் இருந்தது.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். “பழனிக்குப் போயி மொட்டை போட்டுப்போடலாங் கண்ணு. மொட்டையப் பாத்தா ஒருத்தரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. வேண்டுதல்னு நெனச்சுக்குவாங்க.”

போனோம். மலையடிவாரத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்ததையும் இறக்கினேன். பாரம் போனமாதிரிதான் இருந்தது. சந்தனம் பூசிக்கொண்டு ஊர் திரும்பியபோது, பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள் அன்பாகக் கேட்டார்.

“ஏனுங் அம்மணி, பழனிங்களா? என்ன வேண்டுதலுங்க?”

ஆமாங்க என்று சொன்னால் முடிந்தது. அம்மாவும் என் தொடையை அழுத்தினாள். எனக்கு என்னவோ அந்த நேரத்தில் சுர்ரென்று வந்தது. எவனோ என் பெயரில் பொய் எழுதுகிறான்; நானும் என் தலையை வைத்து ஏன் பொய் சொல்ல வேண்டும்?

“வேண்டுதல் இல்லீங்க. புழுவெட்டுங்க. மருந்து பாக்கறனுங்க” என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு, வாய் நிறைய ‘ங்க’ போட்டு.

“அட, அதுக்கென்ன. என்ற கொழுந்தனாருக்கும் வந்து போச்சு” என்றார் அவர். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அம்மா மட்டும் ஊர் வரும்வரை என்னிடம் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மொட்டைத் தலையோடு, முக்காடு இல்லாமல் ஆய்வகத்துக்குப் போனேன். புவனா பக்கத்தில் உட்கார்ந்தாள். அறை நிறைந்ததும், எந்தக் கட்டளையை வைத்து என்னை அடித்தார்களோ அதையே தட்டினேன்.

“நானுங்க தேன்மொழிங்க. இது நெசமாவே நானுங்க. இதுவரைக்கும் என் பேர்ல வந்தது எதுவும் நான் அனுப்பினது இல்லீங்க. எனக்குப் புழுவெட்டுங்க, ஒட்டாதுங்க. காலேஜை விட்டுப் போகமாட்டனுங்க. எழுதறவரு எழுதிக்கலாமுங்க.”

எல்லாத் திரையிலும் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அடங்கியது மாணவர்கள்தான். துறைத்தலைவர் குதித்தார். ஆய்வக விதியை மீறி எல்லோருக்கும் செய்தி அனுப்பினேனாம். அத்தனை மாதம் என் பெயரில் அனுப்பிய ஆளைத் தேடவே தேடாதவருக்கு, பெயர் போட்டு அனுப்பிய என்னைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இருக்கவில்லை! அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

அப்பா வந்தார். இந்த முறை கையில் எதுவும் இல்லை.

“உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன். டி.சி. வாங்கிட்டுப் போய் வேற இடத்துல சேத்துடுங்க” என்றார் துறைத்தலைவர்.

அப்பா உட்காரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“ஏனுங் சார், தப்புப் பண்ணுன ஆகாவழிய உள்ள வெச்சுக்கிட்டு, என்ற புள்ளைய வெளிய போகச் சொல்றீங்களாங்க? அவ போகமாட்டாளுங்க. நாந் தெனமும் வந்து இந்த வாசல்ல உக்காந்துக்கறனுங்க. நீங்க சோலியப் பாருங்க.”

சொன்னபடி மறுநாள் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். தோப்புக்காரர் ஒருவர் துண்டை விரித்து ஆய்வக வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மற்ற ஆசிரியர்கள் காரணம் கேட்க ஆரம்பித்தார்கள். அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அந்த வாரம் முடியும் முன்னே டி.சி. பேச்சு நின்றது. எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போனார்.

தொந்தரவு உடனே நிற்கவில்லை. இப்படிப்பட்ட கதைகளில் ஒரு முறை எதிர்த்து நின்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவார்கள். அது உங்களை ஏமாற்றுவது. வேறு பெயர்களில் வந்தது. குறைந்தது. ஆனால் பிறகு வந்தபோது பின்வரிசையிலிருந்து யாராவது, “அட, உனக்கு வேற வேலையே இல்லையாடா?” என்று சத்தமாகக் கேட்டார்கள். அந்தக் குரல்கள் முன்பே வந்திருந்தால் என் முடி தப்பித்திருக்குமோ என்னவோ. உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு இது நடக்கிறது என்றால், தயவு செய்து வாயைத் திறங்கள்.

இன்றைக்கு உங்கள் கையிலேயே திரை இருக்கிறது. ‘அதை அணைத்து வை’ என்று அறிவுரை சொல்வார்கள். காலேஜை விட்டுப் போ என்று என்னிடம் சொன்னதும் அதுவேதான். ஏன் அணைக்க வேண்டும்? பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் மறுபடி சொல்லுங்கள். உடம்பு காட்டும் அடையாளங்களை மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டை விட்டு, படிப்பை விட்டு, உங்கள் பெயரை விட்டு நீங்கள் ஏன் போக வேண்டும்?

இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். என் தலையில் விரல் நக உயரத்துக்கு முடி வந்திருந்தது. பாதி கறுப்பு, வட்டங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை. புழுவெட்டு ஆறும்போது முடி முதலில் நிறமில்லாமல் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேர்வு பாதியில் இருந்தபோது எல்லாத் திரையிலும் ஒரு வரி விழுந்தது. என் பெயரைச் சொல்லி, என் தலையைப் பற்றித்தான்.

தேர்வாளர் திகைத்து நிமிர்ந்தார். “யாரும்மா இங்க தேன்மொழி?”

என் உடம்பு பழையபடிதான் நடந்துகொண்டது. காது சுட்டது, தலைத் தோல் ஊசி குத்தியதுபோல் சிலிர்த்தது. இன்றுவரை அது அப்படித்தான் நடந்துகொள்கிறது. அதற்கு வருடம் போனது தெரியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு வட்டம் வருகிறது, மெதுவாக மூடுகிறது. வெள்ளை முடிக்கு நான் மை தடவுவதில்லை. எழுதியது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது, தேடவும் இல்லை. உடம்பு பயப்படட்டும், அது அதன் வேலை என்று அன்றுதான் விட்டேன்.

எழுந்து நின்றேன். “நானுங்க” என்றேன். உட்கார்ந்து புரோகிராமை எழுதி முடித்தேன்.