தெருவிளக்குக்குப் போர்த்திய பொன்னாடை

அப்போது நான் தூத்துக்குடியில் தலைமைக் காவலர். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். கடலைவிட வயலைத்தான் அதிகம் பார்த்தவள். மீனவர் தெருக்களில் காவல்துறையின் மேல் நம்பிக்கை வளர்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், சனிக்கிழமைதோறும் கடற்கரைத் தெரு ஒன்றுக்குப் போகும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நம்பிக்கையை உத்தரவு போட்டா வளர்ப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

முதல் மாதம் நாங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்களே உட்கார்ந்திருந்தோம். என் கைப்பேசி எண் அச்சடித்த அட்டைகளை எல்லோருக்கும் கொடுத்தோம். ஒரு பெண் அதை நாலாக மடித்து, கதவு ஆடாமலிருக்க இடுக்கில் செருகினாள், என் கண் முன்னாலேயே.

மீன் விற்கும் அக்கா ஒருத்திதான் முதலில் பேசினாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

"ஏளா, சும்மாதான இருக்க. ஒரு மனு எழுதிக் குடு. தெருவுல லைட்டு எரிஞ்சு ஆறு மாசமாச்சு."

எழுதினேன். தெருவில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். மாநகராட்சிக்கு நடையாய் நடந்தேன். விளக்கு எரிந்த வாரத்திலிருந்து எங்களுக்கு டீ வந்தது. நாய்க்கடி, ரேஷன் கார்டு, மாமியார் சண்டை எல்லாம் வந்தது. காக்கிச் சட்டையை ஒருத்தி "ஏளா" என்று உரிமையோடு கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே சனிக்கிழமையை எதிர்பார்த்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் என்னைத் தனியாக அழைத்தாள். பீடி இலை மூட்டைகளைக் கள்ளத்தனமாக இலங்கைக்குக் கொண்டுபோகும் படகு ஒன்றில் போக அவள் கணவன் சம்மதித்திருந்தான்.

"கடல்ல மாட்டுனா அந்த ஊரு ஜெயில்லயே கெடப்பாரு. கரையிலயே நிறுத்திரு. ஆனா நான் சொன்னேன்னு ஒரு ஈ காக்காக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்தத் தெருவுல எனக்கு வாழ்வு இல்ல."

"என்ன நம்புக்கா" என்றேன்.

மூட்டைகள் கரைக்கு வந்த மாலையே பிடித்தோம். சரக்குக்காரன் மேல் மட்டும் வழக்கு. ஏற்ற வந்தவர்களை எச்சரித்து அனுப்பினோம். அவள் கணவன் வீடு திரும்பினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வாரம் கழித்து காவல்துறை, பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம். உயர் அதிகாரி வருகிறார். மேடை என்று ஒன்று போட்டால் பொன்னாடை இல்லாமல் நம் ஊரில் கூட்டம் நடக்குமா? தெருவுக்கு ஒருவர் பெயர் கேட்டார்கள். நான் அவள் பெயரை எழுதினேன். வேறு எப்படி அவளுக்கு நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. காரணம் என்ற இடத்தில் 'தெருவிளக்குக்கு முயற்சி எடுத்தவர்' என்று போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு.

பெயர் வாசித்தபோது அவள் எழவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் எழுந்தாள். அதிகாரி பொன்னாடை போர்த்தும்போது ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துப் போட்டது நாற்பது பேர். ஒருத்திக்கு மட்டும் போலீஸ் ஏன் பொன்னாடை போர்த்துகிறது? சரக்கு பிடிபட்டு எத்தனை நாளாகிறது? தெரு அன்று சாயங்காலத்துக்குள் புரிந்துகொண்டது. இருபது வருடம் காவல்துறையில் குப்பை கொட்டிய எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு டீ வரவில்லை. ஏலத்தில் அவள் கேட்கும் விலை யார் காதிலும் விழுவதில்லை என்றும், சந்தையில் மற்ற கூடைக்காரிகள் தள்ளி உட்காருகிறார்கள் என்றும் டீக்கடை அண்ணாச்சி சொன்னார். சொல்லிவிட்டு அவரும் உள்ளே போய்விட்டார்.

அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு.

"யாருக்கா அடிச்சா?"

அவள் எழுந்து நின்றாள். "வழுக்கி விழுந்துட்டேன், மேடம்."

எத்தனையோ பெண்கள் எனக்குச் சொன்ன பதில்தான். ஒவ்வொரு முறையும் போலீசை ஏன் இவர்கள் நம்புவதில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன். அன்று கோபப்பட என்னைத் தவிர ஆளில்லை.

"ஒரு புகார் எழுதிக் குடுக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம் மேடம். இப்ப அவரு வார நேரம். நீங்க இங்கன வந்தது தெரிஞ்சா மறுபடியும் கேப்பாரு. இந்தப் பக்கமாப் போயிருங்க."

பின்கதவைத் திறந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் தெருப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிற்க நிற்க அவளுக்குத்தான் ஆபத்து. காக்கிச் சட்டையோடு, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று பயந்து, அந்தச் சந்து வழியே வேகமாக நடந்தேன்.