சொராய்தா ஓடை

எங்கள் பள்ளத்தாக்கில் கோவேறு கழுதை ஓட்டிய ஒரே பெண் சொராய்தா. புருஷன் காய்ச்சலில் போன பிறகு, அவன் விட்டுப்போன கழுதைகளை விற்றுவிடச் சொன்னான் கொழுந்தன் எலாடியோ.

"விக்க மாட்டேன். நானே ஓட்டுறேன்."

"அண்ணி, நீங்க கழுதைய ஓட்டுவீங்களா, கழுத உங்கள ஓட்டுமா?"

ஊரே சிரித்தது. மறுநாளே அவள் காப்பி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினாள்.

தலைநகர் சான் ஹோசேயிலிருந்து எங்கள் மலைகளை அளந்து வரைபடம் வரைய ஆட்கள் வந்தார்கள். மழைக்காலத்தில் அவர்களின் சுமைகளை ஏற்றிக்கொண்டு மலைக்காட்டுக்குள் போக எங்கள் ஊர் ஆண்கள் யாரும் துணியவில்லை. சொராய்தா போனாள். மேகம் படுத்திருக்கும் முகடுகளில் வால்வெர்தே என்ற எஞ்சினியர் மேடு பள்ளங்களைக் கோடுகளாக வரைந்துகொண்டே வந்தார்.

திரும்பும் வழியில் ஓர் ஓடை பொங்கிக் கிடந்தது. வரைந்த தாள்கள் அத்தனையும் ஒரு தகரக் குழாயில், ஒரு கழுதையின் முதுகில் இருந்தன. அந்தக் கழுதையை வெள்ளம் உருட்டிக்கொண்டு போயிற்று. சொராய்தா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கழுதையைக் கரைசேர்த்தபோது அவள் தோள் பிசகியிருந்தது.

வால்வெர்தே குழாயைக் கட்டிக்கொண்டு அழுதார். "எங்க உழைப்பு மொத்தத்தையும் காப்பாத்திட்டீங்கம்மா."

"நான் கழுதைக்காகத்தான் குதிச்சேன். உங்க குழாய் அதோட சேந்து வந்துச்சு."

அவர் அழுகையோடு சிரித்துவிட்டார். "இந்த ஓடைக்கு என்ன பேரு?"

"ஓடைதான். பேரெல்லாம் இல்ல."

அச்சான வரைபடம் பிறகு ஊருக்கு வந்தது. காடு முழுக்கப் பச்சை. அதன் நடுவே மெல்லிய நீலக் கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில் 'சொராய்தா ஓடை'. எலாடியோவின் வீடும் தோட்டமும் அந்த ஓடைக் கரையில்தான் இருந்தன.

"இனிமே என் வீடு எங்கன்னு கேட்டா உங்க பேரச் சொல்லணுமா அண்ணி?"

"சத்தமாச் சொல்லு. காது மந்தமானவங்களும் இருப்பாங்க."

சொராய்தா அந்த வரைபடத்தைத் தன் வீட்டுச் சுவரில் ஒட்டினாள். காப்பி குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டினாள். காட்டிக் காட்டியே அந்த இடம் தேய்ந்து, எழுத்து அழிந்துபோனது. அன்று மட்டும் அவள் முகம் வாடியதைப் பார்த்தேன்.

எலாடியோ யாரிடமும் சொல்லாமல் சான் ஹோசேக்குப் பேருந்து ஏறினான். இன்னொரு பிரதியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டான்.

"எதுக்குடா இது?" என்றாள்.

"எங்க அண்ணி பேரு இருக்குற படம். ஊர்ல இல்லாமப் போகலாமா?"