வெண்ணெல்லூர், வழி நரிமடை

1997 ஜூலை 14, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆற்றில் குளித்தேன், மலையில் சாரல் பிடித்திருந்ததால் தண்ணீர் சற்றே ஏறிக் கலங்கலாக வந்தது. இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்குப் பேரூராட்சி அலுவலகத்தைத் திறந்தேன். நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தேன். மண்பானையில் தண்ணீர் நிரப்பினேன். பிறப்புச் சான்றுக்கு வந்தவர்களையும், குழாயில் காற்றுதான் வருகிறது என்று சொல்ல வந்தவரையும் கவனித்து அனுப்பினேன். மூன்று மணிக்கு மேசையைப் பூட்டிவிட்டுத் தலைவரக்காவோடு திருநெல்வேலிக்குப் புறப்பட்டேன். இதுவரைக்கும் அன்றைய டைரியில் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வரிகள் மட்டும் கோணலாக ஓடுகின்றன. அவை ஓடும் பஸ்ஸில் எழுதியவை. அந்தப் பஸ்ஸின் நெற்றியில் அன்று புதிதாக ஒரு தகரப் பலகை இருந்தது. மஞ்சள் பூச்சில் கறுப்பு எழுத்து. எங்கள் ஊரின் பெயர்.

ஒரு தகரப் பலகைக்காக ஓர் ஊரே ஏங்குமா என்று கேட்கலாம். எங்கள் ஊர் ஏங்கியது. சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றை ஒட்டி இருக்கும் வெண்ணெல்லூர் சிறிய ஊர்தான். ஆனால் பழைய ஊர். கோயில் சுவரில் உள்ள கல்வெட்டில் அதன் பெயர் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி, தபால் ஆபீஸ், சந்தை எல்லாம் உண்டு. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து எங்களுக்கு வரும் பஸ்ஸில் மட்டும் எங்கள் பெயர் கிடையாது. அது எங்கள் ஊரைக் கடந்து, கால்வாய்ப் பாலம் ஏறி, ஒரு மைல் தள்ளி இருக்கும் நரிமடை என்ற சிற்றூரின் நெல் களத்தில் போய்த் திரும்பியது. அதனால் பலகையில் ‘நரிமடை’ என்று இருந்தது. நரிமடை எங்கள் பேரூராட்சியின் கடைசி வார்டு. மொத்தமே இரண்டு தெரு. கல்லூரியில் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ‘நரிமடையான்’ என்றே பட்டம். பெண் கேட்டு வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஜங்ஷனிலேயே நின்ற கதையும் உண்டு. “கல்வெட்டுல பேரு இருக்கு, தகரத்துல இல்லியே வே!” என்று டீக்கடையில் தினமும் யாராவது ஒருவர் அலுத்துக்கொள்வார்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்து எங்கள் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, சந்தைத் தெருவில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த அக்கா போட்டியிட்டார். அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: பஸ்ஸில் ஊர்ப் பெயர். ஜெயித்தார். அன்று முதல் அவர் ஊருக்கெல்லாம் தலைவரக்கா. வீட்டுக்காரர்தான் அதிகாரம் செய்வார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவரோ மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை மேசையில் வைத்துவிட்டு, “ரசம் கீழ் அடுக்குல இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஐந்து ஆண்டுகளில் அவர் அலுவலகத்தில் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

தலைவரக்காவுக்குச் சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. அவர் பிறந்த ஊர் நரிமடை. மாதங்கள் போகப் போக, எதிர்க்கட்சி வார்டு உறுப்பினரான பலசரக்குக் கடை அண்ணாச்சி, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புளியோடு சேர்த்து இதையும் பொட்டலம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். “பொறந்த ஊருக்கு பஸ்ஸு, வாக்கப்பட்ட ஊருக்குப் புழுதி. நல்லா இருக்குவே நம்ம தலைவரு நியாயம்.” பலகை மாறாவிட்டால் அக்கா பிறந்த ஊரின் பக்கம் சாய்ந்துவிட்டதாக வெண்ணெல்லூர் முடிவு கட்டிவிடும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பஸ் டெப்போவுக்கு நானும் அவரோடு போனேன். மேலாளர் பொறுமையான மனிதர். “அம்மா, வண்டி எந்த ஊர்ல முடியுதோ அந்த ஊர் பேருதான் போர்டுல வரும். உங்க ஊர்ல வண்டி திரும்ப இடம் இருந்தா சொல்லுங்க, மாத்திடலாம்” என்றார். எங்கள் கடைத்தெருவில் பஸ் திரும்ப இடம் இல்லை. ஆனால் ஆடுமாடு அடைக்கும் பழைய பவுண்டு ஒன்று இடிந்து கிடந்தது. தலைவரக்கா மறுநாளே தையல் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, நின்றுகொண்டிருந்த பஸ்ஸை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். நான் குறித்துக்கொண்டேன். கண்டக்டர், “யக்கா, கைக்கு எத்தன இஞ்ச் விடணும்?” என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும்தான். பவுண்டுச் சுவரை ஊரே சேர்ந்து அப்புறப்படுத்தியது. அண்ணாச்சி தன் கடைக்கு முன்னால் நீட்டியிருந்த தகரக் கூரையை, முணுமுணுத்தபடிதான் என்றாலும், தானே பிரித்து உள்ளே இழுத்துக்கொண்டார். ஊர்ப் பெயர் என்று வந்தபோது அவரும் வெண்ணெல்லூர்க்காரர்தானே.

அந்த வாரம் நரிமடையிலிருந்து தலைவரக்காவின் அண்ணன் மனைவியான மைனி வந்தார். தலையில் கீரைக் கட்டு. அதை இறக்கக்கூட இல்லை. அலுவலகத்தில் நாலைந்து பேர் நின்றிருக்க, தலைவர் நாற்காலியைப் பார்த்து, “ஏளா, நீ தலைவரு ஆனதுக்கு எங்க பஸ்ஸத்தான் பிடுங்கணுமா? ஒங்களுக்குப் பேரு வேணும். எங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும், கீர விக்கணும், பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவணும். ஒரு மைலு நீ நடப்பியா?” என்றார். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். தலைவரக்கா எழுந்து கீரைக் கட்டை இறக்கி வைத்து, மைனிக்குப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். அன்று சாயங்காலம் வரை அவர் தூக்கைத் திறக்கவில்லை.

சோதனை ஓட்டத்தன்று கடைத்தெருவில் நிற்க இடமில்லை. டிரைவர் பவுண்டு இடத்துக்குள் பஸ்ஸின் மூக்கை நுழைத்தார்; பின்னால் எடுத்தார்; மறுபடி நுழைத்தார். முன்னால் அண்ணாச்சி கடை, பின்னால் சாக்கடை. பஸ் நிற்கத் தாராளமாக இடம் இருந்தது. திரும்புவதற்குத்தான் இல்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “யக்கா, துணியத் திருப்புத மாரி பஸ்ஸத் திருப்ப முடியாது. இது மடங்காது பாத்துக்கிடுங்க” என்றார். பஸ்ஸை அளந்த நாங்கள் அது வளைய வேண்டிய வட்டத்தை அளக்கவில்லை. உள்ளே இருந்த நரிமடைக்காரர்கள், “எங்களக் கொண்டு விட்டுட்டு வந்து வெளையாடுங்க” என்று சத்தம் போட்டார்கள். அண்ணாச்சி, “எங் கூரையப் பிரிச்சதுதான் மிச்சம்” என்றார். டிரைவர் கைவிட்டு, வழக்கம்போல நரிமடைக்குப் போனார்.

கூட்டம் கலைந்தது. தலைவரக்கா மட்டும் அந்த இடத்திலேயே நின்றார்; அதனால் நானும் நின்றேன். சிறிது நேரத்தில் பஸ் களத்தில் திரும்பி, திருநெல்வேலியைப் பார்த்தபடி வந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “அண்ணே, இங்கன உள்ள பைய விடுங்க” என்றார். பஸ் நேராக உள்ளே வந்து, அளந்து தைத்தது போல நின்றது. அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “நிக்க முடியுதுல்லா? நீங்க அங்கன போயித் திரும்புங்க. இங்கன வந்து நில்லுங்க. எங்க நிக்குதோ அதுதானே முடிவு!” டிரைவர், “அப்ப ஒங்க ஊருக்கு ரெண்டு மட்டம் வருவேன். மொத மட்டம் வந்தது கணக்குல இல்லியா?” என்று கேட்டார். “இல்ல” என்றார் தலைவரக்கா.

டெப்போ மேலாளர் இதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். நரிமடைக்குப் பஸ் போகும், வெண்ணெல்லூரில் முடியும், யாருக்கும் நஷ்டமில்லை என்று அவருக்குப் புரிந்ததும் ஒப்புக்கொண்டார். ஆடி பிறப்பதற்குள் நடத்திவிட வேண்டும் என்று ஊர் நெருக்கியது. அப்படி வந்ததுதான் அந்தத் திங்கட்கிழமை.

ஜங்ஷனில் டிரைவர் பழைய பலகையைக் கழற்றித் தன் இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். பெரிய எழுத்தில் வெண்ணெல்லூர். அதன் கீழே சிறிய எழுத்தில் ‘வழி நரிமடை’. சாமான் வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஊரில் பாதிப் பேர் அங்கே வந்திருந்தார்கள். அண்ணாச்சி உண்மையாகவே ஒரு மூட்டை பருப்போடு இருந்தார். ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன் பஸ்ஸின் முன்னால் போய் அண்ணாந்து ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

ஊர் எல்லை வந்தது. கோபுரம் தெரிந்தது. பவுண்டு இடத்தில் மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். கண்டக்டர் விசில் கொடுத்து, “வெண்ணெல்லூர் எல்லாம் எறங்குங்க” என்றார். ஒருவரும் அசையவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க கடை அந்தா தெரியுது!”

“தெரியட்டும் வே. போர்டுல போட்ட ஊரு கடைசிலல்லா வரும்? பஸ்ஸு எங்க முடியுதோ அங்கன எறங்கிக்கிடுதோம்.”

“அப்ப நரிமடைக்கு டிக்கெட் போடணும்.”

“நான் வெண்ணெல்லூருக்கு எடுத்துருக்கேன். வெண்ணெல்லூர்தான் இன்னும் வரலியே!”

பஸ் குலுங்கும் அளவுக்குச் சிரிப்பு. இதற்குள் வெளியே மேளம் தொடங்கிவிட்டது. இறங்குவார் யாரும் இல்லாமல் பஸ் நகர்ந்ததும் நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டுத் திகைத்துப் பார்த்தார். காத்திருந்தவர்களில் சிலர், ஏதோ தாங்கள் மட்டும் விட்டுவிட்டதாக நினைத்து, ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டார்கள். தலைவரக்கா முன் இருக்கையில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். இரு பக்கமும் கார் பருவ நெல் நடவு முடிந்த வயல். அதற்கு அப்பால் தாமரை மூடிய குளம். மேற்கே மலை, பாதிக்கு மேல் மேகத்துக்குள். ஆண்டுக்கணக்காக அலுப்போடு உச்சரித்த அந்தப் பெயருக்கு இப்படி ஓர் இடம் இருக்கும் என்று எங்களில் பெரும்பாலோர் நினைத்ததில்லை. “இவ்வளவு கிட்டயா இருக்கு?” என்று யாரோ கேட்டார்கள். நெல் களத்தின் நடுவில் பெரிய கோலம் போட்டு வைத்திருந்தார்கள். டிரைவர் அதை மிதிக்காமல் பஸ்ஸைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார். “அண்ணாச்சி, எங்க ஊருக்கும் வந்துட்டியளா!” என்று நாலு வீட்டுப் பெண்கள் ஒரே குரலில் கேட்டார்கள், எல்லோரும் அவர் கடையில் சாமான் வாங்குகிறவர்கள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கி, கொடுத்த மோரை வாங்கிக் குடித்து, இன்னொரு தம்ளருக்குக் கை நீட்டினார்.

தலைவரக்காவின் மைனி பஸ்ஸின் முன்னால் போய் நின்று பலகையைப் பார்த்தார். “ஏளா, எங்க பேரு சுருங்கிப் போச்சே” என்றார். கோபமாக இல்லை, உதட்டில் சிரிப்பு இருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “திருநெவேலி வரைக்கும் எங்க பேரு தெனமும் ஓடிச்சு. இந்த ஊருக்குள்ள எழுதி வைக்க ஒரு தகரம் உண்டுமா, பாருங்க.” பார்த்தோம். உண்மைதான். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மரமும், ஒரு கல்லும், பல்பு இல்லாத விளக்குக் கம்பமும் இருந்தன. ஊரின் பெயர் எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. டிரைவர் தன் இருக்கைக்கு அடியிலிருந்து பழைய பலகையை உருவி எடுத்தார். “டெப்போவுல கேட்டுட்டேன், இது இனி வேண்டாம்னுட்டாங்க” என்று தலைவரக்காவிடம் கொடுத்தார். திரும்பி வரும்போது அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அதன் புழுதியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

வெண்ணெல்லூரில் மேளம் இம்முறை நிற்கவில்லை. எல்லோரும் இறங்கினோம். தலைவரக்காவைப் பேசச் சொன்னார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார்; பஸ்ஸைப் பார்த்தார். “வந்துட்டோம்லா?” என்றார். பேச்சு அவ்வளவுதான்.

இப்போது பஸ்களில் தகரப் பலகை இல்லை. சிவப்பு எழுத்துகள் ஓடுகின்றன. சாக்கடையை மூடித் தெருவை அகலப்படுத்தி வெகுநாளாயிற்று. பஸ் எங்கள் ஊரிலேயே தாராளமாகத் திரும்பலாம். ஆனாலும் அது நரிமடைக்குப் போய்த்தான் திரும்புகிறது. அதை மாற்ற எந்தத் தலைவருக்கும் தைரியம் இல்லை, தேவையும் இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் சிலர் இன்றும் முதல் நிறுத்தத்தில் இறங்குவதில்லை. தலைவரக்காவுக்கு இப்போது கண் சற்று மங்கல். பேத்திக்கு மட்டும் தைக்கிறார். சென்ற மாதம் ஜங்ஷனிலிருந்து அவரோடு வந்தேன். புதுக் கண்டக்டர் விசில் கொடுத்து, “பாட்டி, வெண்ணெல்லூர் வந்துட்டு” என்றார். “இன்னும் வரல தம்பி” என்று சொல்லிவிட்டு, தலைவரக்கா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். களத்தில் பஸ் திரும்பும்போது கம்பத்தில் அந்தப் பலகை இருந்தது. மஞ்சள் வெளிறிவிட்டது. எழுத்து அப்படியே இருக்கிறது.

1997 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. அன்று காலை முதலில் செய்தது இதுதான். குளிக்கக்கூடப் போகாமல் சைக்கிளின் பின்னால் பழைய பலகையைக் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் ஒரு பல்போடு நரிமடைக்குப் போனேன். முதல் பஸ்ஸில் தலைவரக்காவும், கையில் கம்பிச் சுருளோடு அண்ணாச்சியும் வந்து இறங்கினார்கள். மைனி ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, விளக்குக் கம்பத்தில் பலகையை வைத்துக் கட்டினோம். “கோணலா இருக்குவே” என்றார் அண்ணாச்சி. தலைவரக்கா அளவு நாடாவை எடுத்து இரு பக்கமும் பிடித்துப் பார்த்து, இடது பக்கத்தை ஒரு விரற்கடை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊருக்குத் திரும்பி, அலுவலகத்தைத் திறந்து, நாட்காட்டியில் திங்கட்கிழமைத் தாளைக் கிழித்தேன்.