பாதி இல்லை

என் அத்தானை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அக்காவைக் கட்டியவர் என்பதற்காக இருக்கக் கதிரை இழுத்துப் போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன், அவ்வளவுதான். பட்டணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் அவர் கிளாக்கர். அக்கராயனில் காடு வெட்டி வயல் செய்த எங்கள் அப்பாவை 'மாமா' என்று கூப்பிடும்போதே அவருக்கு வாய் கோணும்.

வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரு விளையாட்டு இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் நின்று எட்டாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்தவள். அதை அவரால் சும்மா விடமுடியாது. சாப்பிட்ட கை காயமுதல், "அஃபெக்ட், எஃபெக்ட், வித்தியாசம் சொல்லு பாப்பம்" என்பார். நான் வாயைத் திறக்கமுதல் தானே சொல்லிவிடுவார். முதலாவது வினைச்சொல், மற்றது பெயர்ச்சொல். சில இடத்தில் மற்றதும் வினையாக வரும், ஆனால் அது உன்ரை மண்டைக்கு ஏறாது. பிறகு ஒத்த சொற்களை அடுக்குவார்: இன்ஃபுளுவன்ஸ், டச், மூவ், இம்பிரஸ். இடத்துக்கு ஏற்ற சொல்லைப் போடத் தெரியாதவர்கள் ஆங்கிலம் கதைக்கப்படாது என்று முடிப்பார். குறைகுடம் தளும்பும் என்று நான் முணுமுணுப்பேன். அம்மா குசினிக்குள் அடுப்படியில் நின்று மருமகனின் படிப்பை நினைத்துப் பூரித்துப்போவா.

எங்கள் வயலில் 'அஃபெக்ட்' என்ற அந்த ஒற்றை வினைச்சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை. வெயில் பயிரைச் சுடும். பூச்சி அடிக்கும். பன்றி உழக்கும். தண்ணீர் நின்றால் பயிர் அழுகும். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒவ்வொரு சொல், என்ன நடந்தது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் அரசாங்கத்துக்குத்தான் தேவைப்பட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் வயலோரமாகப் புது றோட்டுப் போட்டார்கள். மண்ணை உயர்த்தியவர்கள் தண்ணீர் கடக்க மதகு வைக்கவில்லை. அடுத்த மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது வெள்ளம் றோட்டில் முட்டி, வடிய வழியில்லாமல் எங்கள் வயலிலேயே நின்றது. கதிர் வரமுதல் மூன்று ஏக்கரும் அழுகி, நாற்றம் வீடுவரை வந்தது. இனி ஒவ்வொரு மாரிக்கும் இதே கதைதான். அந்த வயலை விட்டால் எங்களுக்கு வேறு சீவியம் இல்லை. வெள்ளத்தில் வயல் அழிந்தவர்களுக்கு மேட்டுப்பக்கம் மாற்று வயல் தருவார்கள், ஆனால் விசாரித்துத்தான் தருவார்கள் என்று அறிவித்தார்கள். அப்பா தன் நல்ல வேட்டியைத் தோய்க்கச் சொன்னார்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் தமிழ் தெரியாத துரை. அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் பக்கத்தில் நின்றவர் எங்கள் அத்தான்.

"மருமகன்தான் வந்திருக்கிறார். இனிப் பயமில்லை" என்று அப்பா என் காதுக்குள் சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. அப்பா சிரித்துக்கொண்டு முன்னால் போனார். அத்தான் சிரிக்கவில்லை. முன்பின் காணாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "தள்ளி நில்லும்" என்றார். பெண் கொடுத்த மாமனை 'நில்லுங்கோ' என்னாமல் 'நில்லும்' என்று சொன்ன வாய் அது. அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

துரை ஆங்கிலத்தில் கேட்டார், வயல் அஃபெக்டெட்டா என்று. இடத்துக்கு ஏற்ற சொல்லைப் போடத் தெரிந்த எங்கள் பண்டிதர் புத்தகத்தில் இருந்து ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டார்.

"உமது வயல் பாதிக்கப்பட்டதா?"

அப்பா விழித்தார். எங்கள் சனத்துக்குப் பாதி என்றால் அரைவாசி. "பாதியோ ஐயா?" என்று கேட்டார். ஆம், தன் மருமகனைத்தான் ஐயா என்றார். "பாதி எண்டில்லை..."

"கதை வேண்டாம். ஓம், இல்லை, ரெண்டிலை ஒண்டு சொல்லும்."

அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். பாதியா என்று கேட்டால், பாதி இல்லைத்தானே. "இல்லை" என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "நாட் அஃபெக்டெட், சேர்" என்றார்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. எழும்பினேன். கேள்வி விளங்காமல் அப்பா அப்படிச் சொல்லிவிட்டார், வயல் முழுவதும் போய்விட்டது என்று துரைக்கு நேரே ஆங்கிலத்தில் சொன்னேன். பதற்றத்தில் 'எஃபெக்டெட்' என்று வந்துவிட்டது. அத்தான் துரையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, "அஃபெக்டெட்" என்று என்னைத் திருத்தினார். வயல் போனதைப் பற்றி ஒரு சொல் இல்லை, என் சொற்பிழைதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. துரையும் சிரித்தார். ஆனால் துரை மோசமான மனிதர் இல்லை. கிழவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லையா, இவர்களை உனக்குத் தெரியுமா என்று அத்தானைக் கேட்டார்.

"நோ, சேர்" என்றார் அத்தான். அதோடு விடவில்லை. அந்த ஆளுக்கு நன்றாக விளங்கியது, காணி கிடைக்கும் என்றதும் இந்தச் சனங்கள் பேச்சை மாற்றிவிடும் என்றும் சொன்னார். துரை அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இந்த வேலி பயிரே இல்லை என்று சாட்சியும் சொன்னது. மாமனுக்குக் காணி எடுத்துக் கொடுத்தான் என்று வேலைக்குக் கேடு வந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். இருக்கட்டும். பயந்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாமே.

திரும்பி வரும்போது அப்பா சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு வந்தார். "மருமகன் கடைசியிலை துரைக்கு என்னவோ கனக்கச் சொன்னவர். எங்களைப் பற்றியோ?" என்று கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மெழுகிப் பூச எனக்கு மனம் வரவில்லை. அப்பா சைக்கிளை நிறுத்தினார்.

"அக்காவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. அவள் அந்த வீட்டிலை இருக்கவேணும்."

அப்பீல் செய்யலாம் என்று ஊரில் சொன்னார்கள். செய்தால், மொழிபெயர்த்தவர் பிழையாகச் சொன்னார் என்று எழுதவேண்டும். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். மேட்டு வயலில் வேறு ஆட்கள் விதைத்தார்கள். அப்பா அவர்களிடம் விளைந்த நெல்லைக் கூலிக்கு அருவி வெட்டப் போனார்.

அதற்குப் பிறகு வந்த தைப்பொங்கலுக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். வயல் செய்த வீட்டில் அன்று கடை அரிசியில் பொங்கினோம். மத்தியானம் அத்தானும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். அக்கா பரிமாறிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, உங்கடை காணிக்காக இவர் துரையோடை எவ்வளவு வாதாடினவர் தெரியுமே? கிடைக்கேல்லை எண்டு வீட்டை வந்து சாப்பிடவுமில்லை. நீங்கள் ஒண்டும் மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும். நான் பக்கத்திலைதானே நிண்டனான்" என்றார். "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு."